கடனில்லாதவருக்கு ஒரு கடன்

மக்கள் தங்கள் வரவுக்குள் வாழப் பழக வேண்டும் என்று வங்கியின் தலைமை அலுவலகம் தீர்மானித்தது. அவர்களை இப்படிக் கெடுத்தது யார் என்ற சங்கடமான கேள்விக்குள் தீர்மானம் போகவில்லை. 'பொறுப்பான கடன் வாரம்' கொண்டாட வேண்டும், ஒவ்வொரு கிளையும் கடனே இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்து மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை பறந்தது.

ஒரு கிளையின் மேனேஜர் தம் வாடிக்கையாளர்களைச் சலித்துப் பார்த்தார். ஒருவரும் தேறவில்லை. ஊழியர்கள் பக்கம் திரும்பினார். எல்லாரும் அவசரமாகத் தலையைக் குனிந்து வேலை பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மேஜை இழுப்பறைப் பூட்டு மக்கர் பண்ணியது. எதிர் நடைபாதையில் கடை போட்டிருந்த சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கம்பியை விட்டு நெம்பும்போது மேனேஜர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்களுக்குக் கடன் எவ்வளவு இருக்கும்?"

"கடனா? இல்லையே சார்."

"வண்டிக் கடன்?"

"நடந்துதான் வரேன்."

"போன் தவணையில வாங்கினதா?"

"பழசு சார். பேசுது, போதும்."

"கைமாத்துகூடவா இல்ல?"

"யார் சார் குடுப்பா?"

மேனேஜர் எழுந்து நின்று தம் நாற்காலியை அவருக்குக் காட்டினார்.

சாவிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அவருக்கு 'ஒண்ணுக்கும் வக்கில்லாத மனுஷன்' என்றுதான் பெயர். அதற்கே இப்படியொரு மரியாதை உண்டென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மறுநாள் வங்கியின் விளம்பரப் பிரிவு அம்மையார் வீட்டைப் படம் பிடிக்க வந்தார். ஒரே அறை, கால் ஒடிந்து செங்கல் முட்டுக் கொடுத்த மேஜை, காரை உதிர்ந்த சுவர்.

"இதைப் போட முடியாதே. கஷ்டப்படுற குடும்பம் மாதிரி இருக்கு."

"கஷ்டப்படுற குடும்பம்தாங்க" என்றாள் சாவிக்காரரின் மனைவி.

"கடன் இல்லாம இருந்தா எவ்வளவு சந்தோஷமா வாழலாம்னு ஜனங்களுக்குக் காட்டணும்மா. இதைப் பார்த்தா எல்லாரும் பயந்துபோய்க் கடன் வாங்க ஓடி வந்துருவாங்க."

"உங்களுக்கு நல்லதுதானே?"

"அடுத்த வாரம் வந்தா நல்லது. இந்த வாரம் வரக்கூடாது."

வங்கி கைவிட்டுவிடவில்லை. கடனில்லாதோர் தோற்றப் பொலிவுச் சிறப்புக் கடன் என்று ஒன்றை உண்டாக்கியது.

"சார், அதை வாங்கினா நான் கடன்காரன் ஆயிட மாட்டேனா?" என்று சாவிக்காரர் மேனேஜரிடம் தயங்கினார்.

"முதல் தவணை விழாவுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் சட்டப்படி நீங்க சுத்தம். உங்க வருமானம் தாங்குமான்னு பொறுப்போட பரிசீலனையும் பண்ணிட்டோம்."

"தாங்குமா சார்?"

"தாங்காது. அதையும் பொறுப்போட எழுதி வச்சிருக்கோம்."

சோபா வந்தது. திரைச்சீலை வந்தது. சுவருக்கு இளம்பச்சை வர்ணம், சாவிக்காரருக்கு ஒரு கோட்டு. சோபா அறையை அடைத்துக்கொண்டதால் குடும்பமே உட்கார்ந்தபடி தூங்கியது. மனைவி முதல் நாள் சோபாவைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவருக்கோ தூக்கமே போய்விட்டது.

"ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"யாரோ வாசல்ல நின்னு கதவைத் தட்டப் போற மாதிரியே இருக்கு."

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. 'வரவுக்குள் வாழும் வள்ளல்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். யாருக்கு என்ன வழங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. பேசச் சொன்னதும் சாவிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைப் போட்டு உடைத்தார்.

"ஐயா, எனக்கு இப்ப கடன் இருக்கு. போட்டிருக்கிற கோட்டே கடன்தான்."

 சிரிப்பும் கைதட்டலும் மண்டபத்தின் கூரையைப் பிளந்தன. "என்ன தன்னடக்கம்! என்ன நகைச்சுவை!" என்று விழாத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையில் சோபாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சாவிக்காரர் வங்கிக்கு ஓடினார். வாசலிலிருந்து தெருமுனை வரை கூட்டம். விழாவில் காட்டிய வீட்டுப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே சோபா, அதே பச்சைச் சுவர் வேண்டுமாம்.

"அந்தக் கடன், கடனே இல்லாதவங்களுக்கு மட்டும்தான்" என்று மேனேஜர் கையை விரித்தார்.

கூட்டம் யோசித்தது. ஒரு குரல் எழுந்தது: "அப்போ இருக்கிற கடனை அடைக்க முதல்ல ஒரு கடன் குடுங்க சார்!"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், அனுமதி உடனே கிடைத்தது. சாவிக்காரர் முண்டியடித்து உள்ளே போகப் பார்த்தார். "வள்ளலா இருந்தா என்ன, வரிசையில வாங்க" என்று கடைசிக்குத் தள்ளினார்கள்.

மேனேஜர் தம் இருக்கையில் குமாஸ்தாவை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தார். சாவிக்காரருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.