கோபுரத்தில் காணாமல் போன அறுபது மீட்டர்

கணக்கே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனை வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பி.எஸ்சி. கணிதம் படித்தவன். (நாலு அரியர் இன்னும் பாக்கி. கல்யாணத்தின்போது அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டுப் பிழைக்கிறேன்.

என் மனைவி கோகிலா பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் பெயிலாகிப் படிப்பை விட்டவள். இருபது வருஷத்துக்கு மேல் போன பிறகு, எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு அப்போதே முப்பத்தொன்பது முடிந்திருந்தது.

“அந்த ஒரு கணக்குப் பரீட்சையை எழுதிட்டாப் போதுங்க. தக்காளி பறிச்சுப் பறிச்சு இடுப்பு போச்சு. நானும் ஒரு நாற்காலியில ஒக்காந்து கையெழுத்துப் போடறேனே” என்றாள். டியூஷன் போகட்டுமா என்றும் கேட்டாள்.

“டியூஷனா? வூட்டுல நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?”

இருந்தேன், அதுதான் வினை.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ஒரு கோபுரக் கணக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கோணம், அறுபது மீட்டர் நடந்து கிட்டே வந்து பார்த்தால் இன்னொரு கோணம், உயரம் எவ்வளவு? மேலே அறுபது, கீழே ரூட் மூன்று மைனஸ் ஒன்று என்பதுவரை அவளே கொண்டு வந்துவிட்டாள். கீழே இருக்கிற ரூட்டை நீக்கினால் விடை.

“அதே ரூட் மூணு மைனஸ் ஒண்ணால மேலயும் கீழயும் பெருக்கு. கீழ மூணுல ஒண்ணு போனா ரெண்டு. முடிஞ்சுது” என்றேன்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் நிவேதா எட்டிப் பார்த்தாள். “அப்பா, கீழ மைனஸ் இருந்தா பிளஸ் போட்டுப் பெருக்கணும்பா. அப்பத்தான் ரூட்டு போகும். எங்க புக்குலயே இருக்கு.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரூட்டோட குடும்பம் நடத்துனவன். போய் வேலையப் பாரு!”

கோகிலாவும் என் பக்கம்தான் பேசினாள். “சும்மா இரு நிவேதா. அப்பா காலேஜ்ல படிச்சவரு.” (இன்றைக்கும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் தலை குனிந்துகொள்கிறது.)

தருமபுரியில் பரீட்சை. மையத்துக்கு வெளியே காத்திருந்த என்னிடம் ஓடி வந்தாள். “அந்தக் கோபுரமே வந்துதுங்க!” விடையைக் கேட்டேன். முப்பது பெருக்கல் ரூட் மூன்று மைனஸ் ஒன்று என்றாள். “சபாஷ்!” என்று பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ரெண்டு கூடுதலாகவே வாங்கிக்கொண்டேன், வாத்தியார் அல்லவா!

ரிசல்ட்டில் முப்பத்து நாலு. முப்பத்தைந்து வேண்டும்.

நிவேதா நோட்டை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டாள். கோபுரத்தின் உயரம் கிட்டத்தட்ட எண்பத்திரண்டு மீட்டர். நான் கற்றுக்கொடுத்த கோபுரம் இருபத்திரண்டு. சரியாக அறுபது மீட்டரை முழுங்கிவிட்டேன். “பாழாப்போன ரூட்டு, ஒரு குறியில என்ன இருக்கு!” என்று கத்தினேன். கத்தாமல் வேறு என்ன செய்வது?

கோகிலா மெதுவாகச் சொன்னாள். “மொதல்ல பிளஸ் போட்டுத்தாங்க எழுதினேன். நிவேதா சொன்னதுதான் சரின்னு பட்டுது. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அடிச்சுட்டு மாத்தி எழுதிட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நிறமா இருக்கிற தக்காளியாப் பறிக்கணும், லோடு வண்டி வந்துடும்” என்று சொல்லி எழுந்து போனாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன்.

ஜூலையில் மறுபடி எழுதினாள், நிவேதாவிடம் படித்து. (என்னைப் புத்தகத்தின் பக்கமே விடவில்லை.) அறுபத்தொன்று வாங்கினாள். அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டது. அடுத்த அறிவிப்பு வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சான்றிதழ் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் எதற்கு யோசனை சொன்னாலும், உரம் வாங்குவதானாலும் சரி, ரசத்துக்கு உப்பானாலும் சரி, “அம்மா, அடிச்சுட்டு எழுதிடாத!” என்று நிவேதா கத்துவாள். சொந்தக்காரர்கள் வரைக்கும் அது பரவிவிட்டது. கோகிலாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

போன வாரம் பேங்கில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கப் போனோம். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். “என்னாங்க, தொழில்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?”

இத்தனைக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்கிறாள். “உனக்கு எது சரின்னு படுதோ அதை எழுதும்மா” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் நிரப்பிக் கொடுத்தாள்.