கிரேவி பெயரில் ஒரு சந்தா

அன்புள்ள மகள் பிரான்வினுக்கு,

கோபர்க்கிலிருந்து உன் தகப்பன் லெஸ் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ரேடியோவில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொள்கிறேன். போன வாரம் சளி பிடித்திருந்தது. வெந்நீர் குடி.

முதலில் ஒரு புகார். சந்தா சேர்க்கும் வாரம் என்று ஏழு நாள் கெஞ்சினீர்கள். விளம்பரம் வாங்க மாட்டீர்கள், கேட்பவர்கள் கொடுத்தால்தான் நிலையம் ஓடும், எல்லாம் தெரியும். அதற்காக என் மகள் ஊரறியக் கெஞ்சுவதை எத்தனை நாள் பொறுப்பது? போன் செய்தேன். எடுத்த பெண் பெயர் கேட்டாள். “பேர் வேணாமே” என்றேன். சந்தாதாரர் பெயரையெல்லாம் நீதானே வாசிப்பாய். ஆறு வருஷமாகப் பேசாத அப்பன் பெயரை நீ வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

“கூச்சமா இருந்தா நாய், பூனை பேர்ல சேருங்க தாத்தா. காலைல ஒரு ஆமைகூடச் சேர்ந்துச்சு” என்றாள்.

“கிரேவி” என்று நம் நாயின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

“எப்படி இருக்கான்?”

“பதினாலு வயசு. இடுப்புதான் பிடிச்சுக்குது.”

பிரான்வின், கிரேவி பிப்ரவரியிலேயே போய்விட்டான். எலுமிச்சை மரத்தடியில் நானே குழி வெட்டினேன். உயிரோடு இருப்பவனை விசாரிப்பதுபோல் ஒருத்தி கேட்டதும், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

நேற்று நீ பெயர்களை வாசித்தாய். பிரன்ஸ்விக்கிலிருந்து ஒரு கிளி, அந்த ஆமை, அப்புறம் “கோபர்க்கிலிருந்து கிரேவி.” பதினொரு விநாடி சத்தமே இல்லை. ரேடியோதான் நின்றுவிட்டது என்று ஓங்கித் தட்டியதில் குமிழ் கழன்று அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. உங்கள் நிலையத்தில் வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு ஃப்ரிட்ஜின் உறுமலை முக்கால் மணி நேரம் ஒலிபரப்பியவர்கள் நீங்கள். பிறகு சொன்னாய்: “இன்னும் இருக்கியாடா கெழவா? மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்க்க வர்றேன். வீட்ல இருக்கற பெரியவர்கிட்ட சொல்லி வை.”

சொல்லிவிட்டு அதையே போட்டாய். யாரோ வேலிக் கம்பியை வயலின் வில்லால் இழுக்கிற அந்தப் பதினான்கு நிமிடம். உன் அம்மாவின் இறுதிச் சடங்கில், அவளுக்குப் பிடித்ததென்று நீ போட்டதை மூன்றாவது நிமிடத்தில் அணைத்து, “இது பாட்டா, வேலி பிடுங்கற சத்தமா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேனே, அதேதான். நேற்று முழுவதும் நின்றுகொண்டே கேட்டேன். பிடிக்கவில்லை. ஆனால் அணைக்கவில்லை.

மற்ற நிலையங்களில் மெத்தை விளம்பரங்களுக்கு நடுவே அதே பன்னிரண்டு பாட்டு. உங்களிடம் அடுத்து என்ன வரும் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஒரு பல்கேரியக் கல்யாணப் பாட்டு, பிறகு தவளைகள். யாரோ தனக்குப் பிடித்ததைக் கையில் எடுத்து வந்து, “இதக் கேளேன்” என்று நீட்டுவது போல் இருக்கிறது. உன் அம்மா போன பிறகு என்னிடம் யாரும் எதையும் நீட்டியதில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு ஸ்டாவ்ரூலாவிடம் அவள் நாயை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டேன். நிறம் ஏறக்குறைய அதே.

“லெஸ், இது பொட்ட நாய். உன் பொண்ணுக்குக் கண்ணு தெரியும்ல? உண்மைய எழுதிப் போடு” என்றாள்.

எழுதிவிட்டேன். நீ பார்க்க வருவதாகச் சொன்னவன் இங்கே இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். அதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்று தோன்றினால் தப்பாக நினைக்க மாட்டேன்.

நீயும், உங்கள் நிலையமும், அதில் ஊளையிடுகிற எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
லெஸ்

பி.கு.: தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இதை அனுப்பப் போவதில்லை. நீ வந்து உட்கார்ந்த பிறகு கையில் தருகிறேன். கோபப்படுவதாக இருந்தால் வந்த பிறகு கோபப்படு.