மூன்றில் ஒரு பங்கு கூடாரம்

உலகத்தில் விடுதலை பெற்ற ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் ஈரத் துணியை ஈரத்தோடு மடித்து வைக்கும் உரிமைக்காகப் போராடி, அதை ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் பெற்ற ஊர் பூமியில் ஒன்றே ஒன்றுதான்: இங்கிலாந்தில், லிங்கன்ஷயர் பக்கம் இருக்கும் நெட்டில்தோர்ப். அந்தப் போராட்டத்தின் தளபதி, ஊர்மன்றத் தலைவர் திரு. டெஸ்மண்ட் பிளென்கின். அவருக்கு இன்னும் சிலை வைக்காததற்குக் காரணம் ஊராரின் நன்றிகெட்டதனம் அல்ல. மன்றத்தில் காசு இல்லை. அது ஏன் இல்லை என்பதும் இந்த வீர வரலாற்றில் ஒரு பகுதிதான்.

முப்பது வருஷமாக நெட்டில்தோர்ப்புக்கு இரண்டு சகோதர ஊர்கள் இருந்தன. பிரான்சில் சேன் வார்லே, ஜெர்மனியில் ஹிண்டர்பாக். மூன்று ஊரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. சங்கத்துக்கு ஒரு பொது நிதியும் ஒரு பெரிய வெள்ளைக் கூடாரமும் இருந்தன. ஜூனில் கூடாரம் நெட்டில்தோர்ப்புக்கு வரும், ஜூலையில் பிரான்சுக்குப் போகும், ஆகஸ்டில் ஜெர்மனிக்கு. கோடை விழா, ஸ்ட்ராபெரி விருந்து, கல்யாணம், கச்சேரி எல்லாம் அதற்குக் கீழேதான். டெஸ்மண்டின் ஒரே மகள் பிலிப்பா, சேன் வார்லேயின் பாஸ்தியனை முதன்முதலில் பார்த்ததும் அந்தக் கூடாரத்துக்குக் கீழேதான். அன்றைக்கு அவன் அவள் தட்டில் இருந்த ஸ்ட்ராபெரியைக் கேட்காமல் எடுத்துத் தின்றான்.

கூடாரத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். ஈரத்தோடு மடிக்கக் கூடாது.

லிங்கன்ஷயரின் ஜூன் மாதத்தில் ஒரு துணி காய்வதென்றால் சும்மாவா? விழா முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் டெஸ்மண்ட் மட்டும் புல்வெளியில் நாற்காலி போட்டுக் கூடாரத்தைக் காவல் காக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் கிரிக்கெட் நடக்கும். கைதட்டல் காதில் விழும். இவர் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். போதி மரத்தடியில் ஒருவருக்கு ஞானம் பிறந்ததுபோல, காயாத கூடாரத்தடியில் இவருக்குப் பிறந்தது. அந்தச் சமயம் நாடே ஐரோப்பாவின் பெரிய கூட்டணியை விட்டு வெளியே வந்திருந்தது. நாடே வந்துவிட்டது, ஊர் மட்டும் எதற்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

"நம்ம ஊர் மழை, நம்ம ஊர் ஈரம். அதை எப்போ காயவைக்கணும்னு அந்நியன் சொல்லணுமா?" என்று ஊர்க் கூடத்தில் முழங்கினார் டெஸ்மண்ட்.

சங்கத்தின் சார்பில் வந்திருந்த சேன் வார்லேயின் மேயர் மதாம் ஒதீல், பாஸ்தியனின் அம்மா, மெதுவாக எழுந்தார்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதானே? நாங்க ஈரத்தோட மடிக்கிறோம்னு எங்களைத் திட்டித் தீர்மானம் போட்டீங்களே!"

"நான் கொண்டுவந்தப்போ அது விதி, மதாம். நீங்க சொல்றப்போ அது அடக்குமுறை."

கூடம் அதிரக் கைதட்டினார்கள், பாதிப் பேர். மீதிப் பேர் உச்சுக்கொட்டினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. சங்கத்தில் இருக்கலாம் என்பவர்கள் முப்பது பேர். வெளியேறலாம் என்பவர்களும் முப்பது பேர். சரிக்குச் சரி. டெஸ்மண்டின் முகம் சுண்டிப்போயிற்று.

அப்போதுதான் அது நடந்தது. கடைசி வரிசையில், திறந்த ஜன்னலுக்குக் கீழே, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு திரு. பிம் உட்கார்ந்திருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவரில்லை. இரண்டு தடவையும் கை தூக்காதவர். அவருடைய வலது கை மெள்ள மெள்ள மேலே எழும்பிற்று. ஆட்காட்டி விரல் கொஞ்சம் பின்னால் வளைந்திருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். வயதான கை, வாதமாக இருக்கலாம்.

"முப்பத்தொண்ணு!" என்று கத்தினார் டெஸ்மண்ட்.

அந்த வெற்றிக் கூச்சலுக்கு நடுவிலும் அவர் மேடையை விட்டு இறங்கி, நேரே கடைசி வரிசைக்கு நடந்து, திரு. பிம்மின் தலைக்கு மேலிருந்த ஜன்னலைத் தன் கையாலேயே சாத்தினார். தலைவன் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஊரையே விடுவித்த நேரத்திலும் ஒரு கிழவருக்குக் குளிருமே என்ற நினைப்பு எத்தனை பேருக்கு வரும்?

அடுத்து "பாகப்பிரிவினைப் பேச்சுவார்த்தை". இரண்டு வருஷம் ஓடிற்று. கூடாரத்தை முழுசாகவே வைத்துக்கொள்ளலாம், நெட்டில்தோர்ப் கேட்கும்போதெல்லாம் இரவல் தருகிறோம் என்றார் ஒதீல். டெஸ்மண்ட் சீறினார்.

"இரவல் பாயில ராஜா தூங்குவானா? எங்க மூணில் ஒரு பங்கை வெட்டிக் கொடுங்க."

"எந்த மூணில் ஒரு பங்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி கிளெனிஸ். அவள் கேள்விகள் எப்போதும் இப்படித்தான், சுருக்கமாகவும் நாகரிகமில்லாமலும் இருக்கும்.

"வாசல் உள்ள பங்கு! வாசல் நம்ம கையில இருந்தா நம்ம அனுமதி இல்லாம ஒருத்தன் உள்ள வர முடியுமா?"

"உள்ளன்னு ஒண்ணு இருக்குமா, டெஸ்மண்ட்?"

தொலைநோக்குள்ள மனிதர்களுக்கு மனைவி சரியாக அமைவதில்லை. வாசல் கிடைத்தது, முன்பக்கக் கூரையோடும் இரண்டு பக்கச் சுவர்களோடும். நடுக்கம்பம் ஜெர்மன்காரர்களின் பங்கோடு போய்விட்டது. பரவாயில்லை, சுதேசிக் கம்பமே வாங்குவோம் என்று லிங்கன் நகரத்து மரக்கடையில் சொல்லி வைத்தார்கள். கம்பம் வந்தது. அதே ஹிண்டர்பாக் காட்டு மரம்தான். இறக்குமதி வரி மட்டும் புதுசு.

செலவுக் கணக்கைப் பேசி வீரத்தைக் கொச்சைப்படுத்தக் கூடாது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வெளியேறுவது எப்படி என்று ஆலோசனை சொன்னவருக்குக் கட்டணம். அந்த ஆலோசனை சரிதானா என்று பார்த்தவருக்கு இன்னொரு கட்டணம். ஊர் எல்லையில் சகோதர ஊர்களின் பெயரை எடுத்துவிட்டு "நெட்டில்தோர்ப்" என்று மட்டும் எழுதிய புதுப் பலகை. ஊர்க் கூடத்துக் கூரையைச் சங்கத்தின் பொது நிதியில்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை பாதியில் நின்றது. மழை பெய்தால் கூடத்துக்குள் ஒரு பக்கம் குடை பிடித்தும் மறுபக்கம் பிடிக்காமலும் உட்காரலாம். வரி கூடிற்று. தெருவிளக்கில் பாதி அணைந்தது, சிக்கனத்துக்காக.

அரசியல் லாபமும் வராமல் இல்லை. ஒன்றாக இருந்த ஊர்மன்றத்தில் இரண்டு கட்சிகள் முளைத்தன. கூடாரத்தைச் சொட்டச் சொட்ட மடிக்க வேண்டும் என்பது "முழு ஈரக் கட்சி". கொஞ்சம் உதறிவிட்டு மடித்தால் குற்றமில்லை என்பது "அரை ஈரக் கட்சி". ஒரு நாள் டெஸ்மண்ட் தன்னையறியாமல் கூடாரத்தின் ஓரத்தைப் பிழிந்துவிட்டார். "துரோகி!" என்று முழு ஈரக்காரர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கூடத்துச் சாவியை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் திரும்ப ஏற்றினார்கள். இப்படி மூன்று தடவை நடந்தது. ஜனநாயகம் செழித்தது.

முதல் சுதந்திரக் கோடை விழா முடிந்த அன்று மழை கொட்டிற்று. தேசிய கீதம் பாடிக்கொண்டே, சொட்டச் சொட்ட, கூடாரத்தை மடித்தார்கள். டெஸ்மண்டின் கண்ணிலும் ஈரம். அன்றைக்கு அவர் நேரே கிரிக்கெட் பார்க்கப் போனார். மூட்டை அவருடைய தானியக் கொட்டகைக்குள் போயிற்று.

மறு வருஷம் பிலிப்பாவுக்கும் பாஸ்தியனுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஜூன் மாதம், சனிக்கிழமை.

"அப்பா, நேராவே கேக்குறேன்," என்றாள் பிலிப்பா. "ஒதீல் அம்மா அவங்க ஊர்ல விருந்து வைக்கிறேங்கிறாங்க. எனக்கு இங்கதான் ஆசை. ஆனா நூறு பேர் நனையாம உக்கார இடம் வேணும். இருக்கா?"

"என்ன கேள்விம்மா இது? சொந்தக் கூடாரம் இருக்கு!"

"அது தாங்குமா? இங்க இடம் இல்லேன்னா விருந்து அங்க. அப்புறம் வீடும் அங்கயே பாத்துக்கலாம்னு பாஸ்தியன் சொல்றான்."

ஒரே பெண். அவள் இல்லாத வீட்டில் கிளெனிஸின் கேள்விகளோடு தனியாக இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது மட்டுமில்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிலிப்பா சீட்டாட வருவாள், வேண்டுமென்றே தோற்பாள். அதை அவர் கண்டுபிடித்து வெகுநாளாயிற்று.

"தாங்கும்," என்றார்.

"ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுங்களேன்," என்றாள் கிளெனிஸ்.

"பிரிச்சுப் பாத்தா அது சந்தேகம். பிரிக்காம வச்சிருக்கிறதுதான் நம்பிக்கை."

ஆனாலும் கல்யாண வாரத்தில், கொட்டகைப் பக்கமிருந்து வந்த வாடையை முகர்ந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒதீலுக்குப் போன் செய்தார்.

"மதாம், உங்க மூணில் ரெண்டு பங்கு சும்மாதானே கெடக்கு?"

"உங்களுக்கு இல்லாததா, தலைவரே! ஆனா இப்போ எல்லையில துணிக்கு ஒரு பத்திரம் வேணுமாம். மரக்கம்பத்துல பூச்சி இல்லைன்னு ஒரு சான்றிதழ் வேணுமாம். மூணு வாரம் ஆகும்ங்கிறாங்க. முன்னே மாதிரி வண்டியில போட்டோமா வந்தோமான்னு இல்லையே."

"தெரியும், தெரியும்," என்று போனை வைத்தார்.

சனிக்கிழமை காலையில் மூட்டையைப் பிரித்தார்கள். கூரை என்று எதுவும் இல்லை. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்து, தொட்ட இடமெல்லாம் ஊறின ரொட்டியாய்ப் பிய்ந்து கையோடு வந்தது. சுவர்களும் அப்படித்தான். வாசல் மட்டும் தடித்த துணி என்பதால் தப்பித்திருந்தது. அதை நிறுத்திவைத்தார்கள். புல்வெளி நடுவில் அப்படியொரு கம்பீரமான வாசலை யாரும் பார்த்திருக்க முடியாது. அதன் வழியாக உள்ளே போனால் வெளியே இருக்கலாம்.

தேவாலயத்தில் மோதிரம் மாற்றி முடிப்பதற்கும் வானம் பொத்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. மேஜைமேல் கோழி சாண்ட்விச்சுகள் மிதக்க ஆரம்பித்தன. ஊர்க் கூடத்தின் நல்ல பாதியில் மணப்பெண்ணின் பெரியம்மாக்களுக்கே இடம் போதவில்லை. பிலிப்பா தேவாலய வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டெஸ்மண்டுக்கு.

அப்போது ஒதீல் கையைத் தட்டினார். சங்கத்துக்காரர்கள் வந்திறங்கிய இரண்டு பெரிய பஸ்கள் புல்வெளி ஓரத்தில் நின்றிருந்தன.

"எதுக்கு நனையணும்? எல்லாரும் பஸ்ல ஏறுங்க. கேக்கையும் தூக்கிட்டு வாங்க!"

ஊரே ஏறிற்று. முழு ஈரக் கட்சி முதலில் ஏறிற்று. சற்று நேரத்தில் உள்ளே சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. டெஸ்மண்ட் மட்டும் தன் வாசலுக்குக் கீழே, கோட்டு நுனியில் தண்ணீர் ஒழுக, நிமிர்ந்து நின்றார்.

"அப்பா, வாங்க!" என்று பஸ் படியிலிருந்து கூப்பிட்டாள் பிலிப்பா.

"என் பொண்ணு கல்யாண விருந்தை நம்ம மண்ணுலதான் சாப்பிடுவேன்."

"பஸ் யார் மண்ணுல நிக்குது? இங்க பாருங்க, டிரைவர் கேக்குறாரு, இங்கயே நிக்கிறதா, இல்ல நேரா அவங்க ஊருக்கே விட்டுடலாமான்னு. நீங்க ஏறலேன்னா நான் என்னத்துக்கு இங்க கேக் வெட்டணும்?"

அவ்வளவுதான். ஊரை விடுவித்த கால்கள் பஸ்ஸை நோக்கி ஓடின.

படியில் ஒதீல் கை நீட்டி மறித்தார்.

"ஈரத்தோட ஏறக் கூடாது, தலைவரே. இருக்கையெல்லாம் பூத்துடும். யார் போட்ட விதின்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

பிலிப்பா ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் தலையை, காதை, கழுத்தைத் துவட்டினார். ஒதீல் தொட்டுப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் உள்ளே விட்டார். திரு. பிம்முக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

அத்தனை பேரின் மூச்சில் பஸ் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து கிடந்தது. "ஜன்னலைத் திறக்கலாமா?" என்று கேட்டார் ஒதீல். சங்கத்தில் எல்லாமே ஓட்டுத்தான். சேன் வார்லேகாரர்களும் ஹிண்டர்பாக்காரர்களும் கை தூக்கினார்கள். ஜன்னல்கள் திறந்தன. டெஸ்மண்டின் துவட்டின கழுத்தில் மழை நேராக அடித்தது. அவர் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும், தலைவரே," என்றார் ஒதீல், நிஜமான வருத்தத்தோடு. "நீங்க விருந்தாளி. கேக் எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம். ஓட்டு சங்கத்துக்காரங்களுக்கு மட்டும்தான்."

டெஸ்மண்டின் கை அப்படியே நின்றது. திரு. பிம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு நானும் ஜன்னலுக்குத்தான் கை தூக்கினேன், டெஸ்மண்ட். உங்களுக்கும் தெரியும். எண்ணி முடிச்ச கையோட வந்து சாத்தினீங்களே."

கேக்குக்கு மேல் பிலிப்பாவின் கத்தி நின்றது. டெஸ்மண்டின் காது சிவந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பிம்?"

"எதுக்கு?" என்றார் திரு. பிம், கம்பளித் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டே. "எனக்கு வேணும்கிறது கெடைச்சிருச்சு. உங்களுக்கு வேணும்கிறதும் கெடைச்சிருச்சு. ஊருக்குத்தான் கூரை போயிருச்சு."