இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி

ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார், நன்றாகத் தேடிப் பாருங்கள். படித்தவர்கள் இந்த இனத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. நான் வைத்த பெயர் 'ஒரு சாமான் பாக்கி'. எப்போது போய், "முடிஞ்சிச்சா?" என்று கேட்டாலும், "ஆச்சு, இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி" என்பார். போன பொங்கலுக்கும் அதுதான் பதில், இந்தப் பொங்கலுக்கும் அதுதான்.

அடையாளம் சொல்கிறேன். மின்விசிறியைப் பார்த்தால் நீங்கள் காற்றை நினைப்பீர்கள், மிக்ஸியைப் பார்த்தால் சட்னியை நினைப்பீர்கள். இவர் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் மோட்டாரை நினைப்பார். ஓடுகிற பொருள் எப்போது சாகும் என்று காத்திருப்பார். "இன்னா அத்தே, கிரைண்டரு ஒரு மாதிரி முனவுது?" என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த அக்கறை காதில் விழுந்தால் கிரைண்டரை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிடுங்கள். செத்ததைத் தூக்கிப் போடவாவது விடுவாரா? "இருக்கட்டும், எதுக்குனா ஆவும்." எதற்கு? எப்போது? கேட்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெண்ணைக் கொடுத்திருக்கிறேனே!

லைட்ஹவுஸ் குப்பத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீடு மருமகப்பிள்ளை தேவேந்திரனுடையது. தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஃபைபர் படகில் என்ஜின் கைப்பிடியைப் பிடித்தாரென்றால் முகத்துவாரத்து அலையிலும் படகு அலுங்காமல் போகும். கரையேறியதும்தான் வியாதி. கம்ப்யூட்டரில் ஓடுகிற கார்ப் பந்தயம் ஒன்று இருக்கிறது. அதைப் பட்டன் தட்டி விளையாடினால் இவருக்குக் கௌரவக் குறைச்சல். நிஜக் காரைப்போல ஸ்டியரிங் வேண்டுமாம். ரோடு குலுங்கினால் கை குலுங்க வேண்டுமாம், டயர் வழுக்கினால் அது உள்ளங்கைக்குத் தெரிய வேண்டுமாம். கடையில் விற்கிறதே, வாங்கலாமே? வாங்கிவிட்டால் அப்புறம் இவர் எதற்கு?

ஸ்டியரிங்கை அப்படிக் குலுக்க ஒரு மோட்டார் வேண்டும். கழற்ற ஆரம்பித்தார். மேசை விசிறி மோட்டாருக்கு வலு போதவில்லை. சர்க்கார் கொடுத்த மிக்ஸியின் மோட்டாருக்கு வேகம் உண்டு, நிதானம் இல்லை. கடைசியில் பொன்னேரி பழைய இரும்புக் கடையில், பட்டணத்துப் பிள்ளைகள் ஏறி நின்று ஓட்டுகிற இரட்டைச் சக்கரப் பலகை ஒன்று உடைந்து கிடந்திருக்கிறது. அதன் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்குமாம். கோயில் பிரசாதம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உடைந்த ஐஸ் பெட்டியில் மணலை நிரப்பி, அதன்மேல் மோட்டாரை நட்டு போல்ட்டால் முடுக்கி, மோட்டாரின் முகத்திலேயே பழைய வேன் ஸ்டியரிங்கைப் பூட்டி, கை வழுக்காமல் இருக்க அதைச் சுற்றி நீல நைலான் வலைநூலை இறுக்கி, மோட்டார் வெறிபிடித்துக் கையை முறுக்கினால் சட்டென்று நிறுத்துவதற்கு, ஆள் தண்ணீரில் விழுந்தால் என்ஜினை அணைக்க மணிக்கட்டில் மாட்டுவார்களே, அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றையும் பொருத்தி, என் மகள் கீதா துணி மடித்து வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"நடுவுல பெல்ட்டு இல்ல, பல்சக்கரம் இல்ல அத்தே. மோட்டாரு, ஸ்டியரிங்கு, அவ்ளோதான். டைரக்ட்டு!"

வாசல் குழாய் ஒழுகுகிறது என்று கீதா சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருக்கிறாள். அந்த வேலைக்கும் இவருக்கும் நடுவில் மட்டும் எத்தனை பெல்ட்டு, எத்தனை பல்சக்கரம்!

அப்புறம் ஸ்டியரிங்கில் எது லெஃப்ட், எது ரைட் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டுமாம். 'லெஃப்ட்டில் திருப்பு' என்று கம்ப்யூட்டர் கேட்டது, திருப்பினார். 'ரைட்டில் திருப்பு' என்றது, திருப்பினார். நான் பக்கத்தில்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான். காற்று எழும்பிக் கடலுக்குப் போகாத நாட்கள் வேறு. ஒவ்வொருவராக ஐஸ் பெட்டி முன்னால் உட்காருவார்கள், கார் பாம்புபோல வளைந்து வளைந்து போகும். தேவேந்திரனோடு படகில் போகும் தருமன் காரில் ஏறியதே தன் கல்யாணத்தன்றுதான். அவன்கூட ஒரு சுவரிலும் இடிக்காமல் ஓட்டினான்.

இங்கேதான் கீதாவின் கதை குறுக்கே வருகிறது. எங்கள் பெண்களை மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரனும் மூக்கைப் பொத்துவான். அதனால் மகளிர் குழு ஒரு சின்ன லோடு வண்டி எடுத்தது, வண்டியை நம்மில் ஒருத்திதான் ஓட்ட வேண்டும் என்று பேச்சு. கீதாதான் முன்வந்தாள். பொன்னேரிக்குப் போய் ஓட்டப் பழகினாள், டெஸ்ட்டுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அவள் தேறாவிட்டால் வெளியாளை வைப்பார்கள். அப்புறம் வழக்கம்போல அந்த ஆள் டீ குடித்து முடிக்கும்வரை எங்கள் நண்டு வெயிலில் காய வேண்டும்.

"அவ்ளோ தூரம் எதுக்குப் போற? வூட்லயே ஸ்டியரிங்கு கீது" என்றார் தேவேந்திரன்.

உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே சுவர். மறுபடி சுவர். ஒரு வாரம் சுவர்.

"அண்ணி, அது செவுரு அண்ணி, வாசப்படி இல்ல" என்றான் தருமன். ஒரே சிரிப்பு.

"நான் லெஃப்ட்டுலதான்யா திருப்பறேன். அது ரைட்டுல போவுது!"

"நாங்க ஓட்டுனா ஒயுங்கா போவுது, நீ ஓட்டுனா மட்டும் போவாதா? மிஷினு கரெக்டாதான் கீது. கைதான் சரியில்ல" என்றார் தேவேந்திரன்.

இந்த இனத்தின் பெரிய அடையாளத்தை இப்போது பார்த்துவிட்டீர்கள். சாமான் ஒன்று எப்போதும் பாக்கி இருக்கும், ஆனால் மிஷினில் எப்போதும் தப்பு இருக்காது. தப்பெல்லாம் கையில், அதுவும் அடுத்தவர் கையில்.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் காலை கீதா என்னிடம் வந்தாள். ஏலம் கூறுகிறவனையே திக்கித் திணற வைக்கிறவள், அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போவல மா. வெளியாளையே வெச்சிக்கட்டும். எனக்குக் கை வரல."

கை வரவில்லையா? அந்தக் கையைப் பெற்றவள் நான். பனியிலும் உப்பிலும் மீன் ஆய்ந்த கை அது. அதில் கோளாறு என்று கம்ப்யூட்டர் சொன்னாலும் நம்ப மாட்டேன், மருமகப்பிள்ளை சொன்னாலும் நம்ப மாட்டேன்.

வாசலில் ஐஸ் வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவன் முனியன், கடலை விட்டுத் தள்ளி உள்ளே நெல் விளைகிற ஊர்க்காரன். தினம் இந்தக் குறுகல் ரோட்டில் ஐஸ் ஏற்றி வருகிறான், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கரையில் கட்டிக் கிடக்கிற படகைப் பார்த்தாலே அவனுக்கு வாந்தி வரும். "முனியா, இப்டி வந்து குந்து" என்று கையைப் பிடித்து, ஆண்கள் கூட்டம் சூழ்ந்திருந்த அடுத்த வீட்டு ஸ்டியரிங்குக்கு இழுத்துப் போனேன்.

"ஐஸ் கரையுது ஆயா!"

"கரையட்டும். குந்து."

உட்கார்ந்தான். சுவர். காறித் துப்பிவிட்டு மறுபடி பிடித்தான். சுவர்.

"இன்னாபா இது! பீச்சாங்கை பக்கம் ஒடிச்சா சோத்தாங்கை பக்கம் ஓடுது!"

இதையேதான் கீதா ஒரு வாரமாகச் சொன்னாள். ஐஸ் வண்டிக்காரன் வாயால் வந்ததும் எல்லார் காதும் திறந்துகொண்டது.

"கரெக்டாதானண்ணா போவுது" என்றார் தேவேந்திரன். "லெஃப்ட்டுல போவணும்னா ரைட்டுலதான தள்ளணும்?"

"எந்த ஊர்லபா?"

"எந்த ஊர்லயும்தான். கைப்பிடிய இப்டி ரைட்டுல தள்ளுனா படகு லெஃப்ட்டுல..."

தன் கையைத் தானே குனிந்து பார்த்தார்.

படகில் அப்படித்தான். என்ஜின் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் போகும். பைக் ஓட்டத் தெரிந்த ஆண்கள்தான் எல்லாரும். ஆனாலும் ஐஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, நீல நூலைப் பிடித்ததும் அவர்கள் கை கடலுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் லெஃப்ட் கேட்டபோது மருமகப்பிள்ளை ரைட்டில் தள்ளியிருக்கிறார். குப்பமே அந்தக் காரைப் படகாக ஓட்டியிருக்கிறது. எங்கள் பெண்கள் படகில் ஏறுவதில்லை. அதனால் கீதா ஒருத்திதான் அங்கே கார் ஓட்டியவள்.

கீதா முதலில் சிரித்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், ஒரு வாரமா என்னிய செவுத்துல மோத வுட்டியே, நீ போனது ரோடா, கடலா?"

தருமன் செருப்பைக்கூட மாட்டாமல் நழுவினான். மருமகப்பிள்ளை என்ன சொன்னார்? தப்பு என்றாரா? மோட்டாரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மிஷினு கரெக்டுதான். இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி."

மறுநாள் கீதா டெஸ்ட்டுக்குப் போனாள். ஆபீசர் முன்னால் போகச் சொன்னார், போனாள். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தாள். எங்கேயும் சுவர் வரவில்லை.

இப்போது தினம் வண்டி பொன்னேரிக்குப் போகிறது. பின்னால் நண்டுக்கூடை, முன்னால் என் மகள். கடல் இல்லாத நாளில் மருமகப்பிள்ளை பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார், யோசனை சொல்ல. அவள் லெஃப்ட்டில் திருப்பும்போதெல்லாம் இவர் கை தன்னையறியாமல் ரைட்டில் தள்ளும். போன வாரம் தூறல் விழுந்தபோது கண்ணாடியையே உற்றுப் பார்த்துவிட்டு, "வைப்பரு ஒரு மாதிரி முனவுதே?" என்றாராம். அன்றிலிருந்து வண்டி என் வாசலில்தான் நிற்கிறது. சாவி என் இடுப்பில்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு செத்த மோட்டார் இருந்து, அதைத் தூக்கிப் போடப் போகும்போது 'எதுக்குனா ஆவும்' என்று வாய் முணுமுணுத்தால், கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் பூட்டிக் கொடுத்த ஏதோ ஒன்றோடு வீட்டில் யாராவது முட்டிக்கொண்டிருக்கும்போது, 'கைதான் சரியில்லை' என்று எப்போதாவது சொன்னதுண்டா? இல்லவே இல்லையா? சரி, நம்புகிறேன். ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதாயிருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். கிரைண்டரை உள்ளே எடுத்து வைக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.