எட்டுக்கும் ஒரே பதில்

ஒழுங்கானவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. மானம் போவதென்றாலும் அது முழுதாகப் போகும்படிதான் ஏற்பாடு செய்வார்கள்.

பெங்களூருக்கு மாற்றலாகி வந்த புதிது. மர்பி டவுனில் ஓர் அறையில் நான். ஆம்பூரில் என் மனைவி உமாவும் பாப்பாவும். எஸ்.டி.டி. பூத்தில் நின்றால் உமாவின் முதல் கேள்வியே, "வீடு ஆச்சா?" என்பதுதான்.

"ஜூன்ல ஸ்கூல் திறந்துடுவாங்க. அதுக்குள்ள ஆகலன்னா பாப்பாவை இங்கயே ஒண்ணாவது சேர்த்துடுவேன். அப்புறம் இன்னொரு வருஷம் நீங்க அங்க, நாங்க இங்க."

எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் நடக்கத் தோன்றியது. 'டு லெட்' பலகை தொங்காத தெருக்களில்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டே அலைந்தேன்.

அலுவலக நண்பர் ஒருவர் பெங்களூர்த் தமிழர்களின் மின்னஞ்சல் குழுவில் சேர்த்துவிட்டார். அதில் வரும் கடிதங்களைத் தனித்தனியாகப் பெறலாம். அல்லது நாளுக்கு ஒருமுறை ஒரே கட்டாக, 'டைஜஸ்ட்' என்று பெறலாம். (சிதறிக் கிடப்பது எனக்கு ஆகாது. கட்டையே கேட்டேன்.)

முதல் டைஜஸ்டில் எட்டுக் கடிதங்கள். ஆறாவதைப் படித்ததும் பிரௌசிங் சென்டர் நாற்காலியில் உட்காரமுடியவில்லை. ஜீவன்பீமா நகரில் மாடி வீடு, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். எழுதியவர் ராஜாராம்.

அவருக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு கடிதம் வந்தால் அதில் கேட்ட எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதுவது எங்கள் வீட்டுப் பழக்கம். குழுவை நடத்தும் சேகர் என்பவர், எங்கள் ஆபீஸ் தபால் பிரிவைப்போல, என் பதிலைக் கத்தரித்து அவரவருக்கு அனுப்பிவிடுவார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். 'ரிப்ளை'யை அழுத்தி, எண் போட்டு எழுதினேன்.

ஒன்று, நல்ல பல் டாக்டர்: எனக்குத் தெரியாது. இரண்டு, தங்கைக்கு வரன்: எனக்கு ஏற்கெனவே திருமணமாகிவிட்டது. மூன்று, வசந்தா என்பவரின் கவிதை. 'கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார். தயங்கவில்லை. 'நிலா குளிக்காது. குளித்தாலும் அல்சூர் ஏரியில் குளிக்காது. தினமும் அந்த வழியாகப் போகிறேன், நாற்றம் தாங்கவில்லை. நான்காம் வரியில் நள்ளிரவு, ஆறாம் வரியில் வெயில் அடிக்கிறது.' இப்படியே போய் ஆறாவதில், 'வீடு எனக்கே வேண்டும். நான் அமைதியானவன். யார் விஷயத்திலும் தலையிடமாட்டேன்' என்று எழுதி, ஆபீஸ் போன் நம்பரும் கொடுத்தேன்.

மறுநாள் டைஜஸ்டைத் திறந்தால் அதில் என் கடிதம்! கீழே வாலாக முந்தைய டைஜஸ்ட் முழுவதும். அதன் கீழே சேகர்: "ஐயா, டைஜஸ்டுக்குப் பதில் போட்டால் குழுவில் எல்லோருக்கும் போகும். தலைப்பை மாற்றுங்கள். எதற்குப் பதிலோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். சொந்த விஷயத்தைத் தனியாக எழுதுங்கள்."

ஒருவர் விடாமல் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்டேன். அந்த டைஜஸ்டுக்கே 'ரிப்ளை' அழுத்தி. எதையும் வெட்டாமல்.

இப்போது டைஜஸ்டுக்குள் டைஜஸ்ட், அதற்குள் இன்னொன்று. ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒருவர் எழுதினார்: "அண்ணே, மன்னிப்பு மேல இருக்கா, கீழ இருக்கா? அரை மணி நேரமா தேடுறேன்."

நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தேன், யாராவது இன்னும் திட்டியிருக்கிறார்களா என்று பார்க்க. பிரௌசிங் சென்டர்க்காரர், "மத்தே பந்த்ரா சார்?" என்றார். (மறுபடியும் வந்துட்டீங்களா என்று. அன்று அவர் கேட்டது பலமுறை.)

அடுத்த நாள் ஆபீசில் போன்.

"ராஜாராம் பேசறேன். ஆறாம் நம்பர் வீடு."

"சார்! நல்லா இருக்கீங்களா சார்?"

"மூணாம் நம்பர் கவிதை என் சம்சாரம் எழுதினது."

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பாப்பா சேர்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. அவ பேசணுமாம்."

போனேன். வசந்தா அம்மாள் என் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். காபி கொடுத்த கையோடு, "வெயில்னு எங்க எழுதியிருக்கேன்?" என்றார்.

"ஆறாவது வரிங்கம்மா. 'வெம்மை'ன்னு."

"அது விரகம்."

"தப்புத்தாங்க."

"தப்பு இல்ல. நேர்லயே சொல்லியிருக்கலாம். ஊருக்கே சொல்லணுமா?" என்றவர் உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலை எடுத்துவந்தார். இரவுச் சாப்பாட்டு நேரம் வரை வாசித்தார். நான் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டேன். வீட்டைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போது ராஜாராம் கேட் வரை வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமான நாள்லேருந்து நான் ஒருத்தன்தான் கேட்டுட்டிருக்கேன் சார். சாமான் எப்ப ஏத்துறீங்க?"

பாப்பா பெங்களூரிலேயே ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அந்த வீட்டில் இருந்த வருடங்கள் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தா அம்மாள் ஃபைலோடு மாடி ஏறுவார். அந்த நேரம் பார்த்து ராஜாராம் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவார். உமாவும் பாப்பாவும் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். (நனைந்த துணி இல்லாத நாளிலும்.)

பாப்பா இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"வீடு பிடிச்சிருக்குப்பா. ஓனரும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. எழுதுற பழக்கம் எதுவும் இல்லையான்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன்."