மாம்பழ வாசனைக் குப்பி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்த வாரம் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் உங்கள் மகனைப் பற்றியது. நெருப்பில்லாமல் புகை விடுகிற பேட்டரி சிகரெட் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதில் ஊற்றும் நிகோடின் தண்ணீர், மாம்பழப் படம் போட்ட சின்னக் குப்பியில், என் கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத்தான் கண்ணில் விட்டுக்கொண்டேன். "மருந்துக்கடையில வேலை பார்த்தவர், எழுதியிருக்கறதைப் படிக்க மாட்டீங்களா?" என்றாள் உங்கள் மருமகள். படிக்க முடிகிற கண்ணாக இருந்தால் அதில் ஏன் மருந்து விடப்போகிறேன்? குழாயடியில் தலையைக் கொடுத்து நான் அலறியதில், மேல்வீட்டுக்காரர் திருடன் என்று கதவைப் பூட்டிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்த கையோடு அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அது நம் பேத்தி வாலுக்குட்டி கையில் கிடைத்தது. மூடியை எப்படித் திறந்தாளோ, மாம்பழம் என்று உறிஞ்சியிருக்கிறாள். வாந்தி எடுத்தாள், உதடு வெளுத்தது, கைகால் வெட்டி இழுத்தது. சம்பந்தி, இதுக்கு மேல எனக்கு எழுத்துத் தமிழ் வரல. செருப்புகூடப் போடாம புள்ளையத் தூக்கிட்டு ஓடினேன். நர்ஸ் அம்மா முதல்ல கேட்டது, "தெரியாம குடிச்சதா, யாராவது குடுத்ததா?" பெத்த புள்ளைக்கு யாரும்மா விஷம் குடுப்பாங்கன்னேன். "குடுக்கறவங்களும் வர்றாங்க, தானே குடிக்கறவங்களும் வர்றாங்க. நான் கேட்டுத்தான் ஆகணும்"னு எழுதிக்கிட்டே சொன்னாங்க. இன்னொரு வாய் உள்ள போயிருந்தா முடிஞ்சிருக்கும்னார் டாக்டர். மூச்சு மெஷின்ல கிடந்தா. இன்னைக்குக் காலையில எழுந்து என் மூக்குக்கண்ணாடியை உடைச்சா. அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு. வரி கோணலாப் போனா மன்னிக்கணும்.

யாரோடதுன்னு கேட்டேன். "என்னுதுதான் மாமா"ன்னு மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சார். ஆஸ்பத்திரி வராந்தாவுல, அத்தனை பேர் முன்னாடி, கொலைகாரான்னு கத்தி, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினேன். அங்கேதான் கிளம்பியிருக்கார். பெற்ற தகப்பன் என்ற முறையில் தாங்கள் அவரைக் கண்டித்துத் திருத்தும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வீட்டிலுள்ள சின்னவர்கள் அனைவருக்கும் ஆசிகள், உங்கள் மகன் நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, அது அவரோடது இல்ல. என்னுது. பிரசவத்துக்கப்புறம் தூக்கமே இல்லாம, இதைப் பிடிக்கப் பழகிட்டேன். நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவர் முந்திக்கிட்டார்" என்றாள். மேலே எழுதியதில் குழந்தை பிழைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிடுங்கள். மாப்பிள்ளையை ஒன்றும் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார். சாப்பிட வையுங்கள். கூட்டிப்போக நானே வருகிறேன். அவள் சொன்ன பிறகு, அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ள எனக்குக் கை எழவில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.