மாமாவின் கரியடுப்புக்கு நான் செய்த பெட்டி

ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே எதையாவது திருத்தாமல் வரமாட்டான். அந்த நோய் எனக்கு முற்றியிருந்த சமயத்தில்தான் பெண் பார்த்தார்கள்.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. நான் ரிவியேர் டு ராம்பார் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். பெண் சரோஜினிக்கு ஊர் வக்குவா. அவள் அப்பா அரசாங்க குமாஸ்தா, அளந்து பேசுகிறவர். காவடி முடிந்த மறுநாள் விருந்துக்கு வா, கல்யாணத் தேதி பேசலாம் என்றிருந்தார். (எங்கள் பேச்செல்லாம் கிரியோல்தான். தமிழ் கோயில் வாசலோடு நின்றுவிடும். உங்களுக்காக அதை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறேன்.)

அவர் வீட்டு முற்றத்தில் எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக வெட்டிச் செய்த கரியடுப்பு இருந்தது.

"அதுல எறச்சி வெச்சா மேல கருகுது, உள்ள பச்சையா நிக்குது" என்றார். போதாதா?

"நான் ஒரு பெட்டி செஞ்சு கொண்டாறேன் மாமா. கரிய ரெண்டு பக்கமும் ஒதுக்கி நடுவுல பெட்டிய எறக்கினா மெல்ல வேகும். கத்தியே வேணாம்."

ஆலையில் பிரித்துப் போட்டிருந்த பழைய மெலாஸ் தொட்டியின் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மெலாஸ் என்பது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. தகட்டின் ஒரு பக்கம் முழுக்க அது காய்ந்து அப்பியிருந்தது. சுரண்டச் சோம்பல். அழுக்குப் பக்கம் உள்ளே மறையும்படி தகட்டை மடித்து இரட்டைச் சுவராக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு அழுக்கே இல்லை என்பது என் தொழில் தத்துவம். மூடியை இழுத்துத் திறக்கும்படி, அது வழுக்கி ஓடக் காடிப் பள்ளம் வைத்தேன். அழகான வேலை.

விருந்தன்று ஆட்டுத் தொடையை உள்ளே வைத்து மூடி, அடுப்பில் இறக்கினேன். விரதம் முடித்த மாமா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓரம் குமிழ் விட்டது.

"சாறு எறங்குது மாமா!"

மாமா காற்றை முகர்ந்து பார்த்தார். "தம்பி, கரும்பு வெட்டு தொடங்க இன்னும் மாசக்கணக்கு இருக்கே?"

நான் சிரித்தேன். (அவர் வேடிக்கை பேசுகிறவரே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

வெந்திருக்கும் என்று தோன்றியதும் பெட்டியை வெளியே எடுத்து, கையில் பிடிக்க வசதியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். இரட்டைச் சுவருக்குள்ளிருந்து உருகிக் காடியில் ஓடியிருந்த பாகு அந்த நிமிடமே கல்லாக இறுகியது. மூடி அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன். காலால் உதைத்தேன். பெட்டிக்குள் இருந்தது ஆட்டுத் தொடை மட்டுமல்ல, என் கல்யாணமும்தான்.

சமையலறையிலிருந்து சரோஜினி எட்டிப் பார்த்தாள். "அது பாகுதானே? கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, கரையும்."

"இது ஃபிட்டர் வேலைம்மா" என்றேன்.

மழை வந்தது. நனைந்துகொண்டே தட்டினேன். கடைசியில் மாமாவே கொதிக்கும் கெட்டிலோடு வந்து மூடி மேல் ஊற்றினார். மூடி வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே தொடை, பாலிஷ் போட்ட பூட்ஸைப் போலக் கறுத்து மின்னியது. நான் சொன்னபடி கத்தி தேவைப்படவில்லை, அது இறங்கவே இல்லை.

"போந்தியே, கடவுளே!" என்று தலையில் கை வைத்த சரோஜினியின் அம்மா, காவடிக்குச் சமைத்ததைப் போலவே மறுபடி மரக்கறியாகச் சமைத்து இலை போட்டார். ஊரெல்லாம் விரதம் முடித்தாயிற்று. அந்த வீட்டில் மட்டும் ஒரு நாள் நீண்டது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அந்த மறுநாளுக்கு மாப்பிள்ளை விரதம் என்றுதான் பெயர்.

சாப்பிட்டு எழுந்த மாமா மகளைப் பார்த்தார். "நீ சொன்னத இவரு கேக்கல, பாத்தியா?"

நான் குடையைத் தேடினேன்.

"இனிமே கேப்பாருப்பா" என்றாள் சரோஜினி.

தேதி குறித்தார்கள். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பிடிவாதம் பிடித்திருக்கிறேன். அவள் வாதாடுவதே இல்லை. எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைக்கிறாள்.